பானை கேட்டு வந்தவள்

எங்கள் தீவில் ஒருவர் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தே அவர் எதற்கு வருகிறார் என்று சொல்லிவிடலாம். வம்பளக்க வருகிறவர் தூரத்திலிருந்தே "எங்க போறே?" என்று கத்திக்கொண்டு வருவார். கெட்ட செய்தி கொண்டு வருகிறவர் அங்குமிங்கும் பார்க்காமல் நேரே வருவார். புபுசி கேட்க வருகிறவர்தான் தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பார், காயலைப் பார்ப்பார், உங்கள் வீட்டுக் கோழியை நலம் விசாரிப்பார், உங்கள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். அந்த நடையைக் கண்டால் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

புபுசி என்று வாய்விட்டுச் சொல்லி ஒரு உறவுக்காரர் ஒன்றைக் கேட்டுவிட்டால் அதோடு தீர்ந்தது. எடுத்துக்கோ என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னவள், ஊர் கூடுகிற பெரிய மனேயபாக் கூரைக்குக் கீழே தன் குடும்பத்து இடத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. சரி, உறவுக்காரர்தானே கேட்க முடியும் என்று நினைக்காதீர்கள். இந்தத் தீவில் உறவுக்காரர் இல்லாதவர் யார்? பாதிரியார் ஒருவர்தான் வெளியூர். அவரும் வந்த இரண்டாம் வருடமே எங்களுக்கெல்லாம் சித்தப்பா ஆகிவிட்டார்.

என் புருஷன் தெபானோவுக்குக் கொடுப்பதென்றால் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான வருடமே சைக்கிள் போயிற்று. அடுத்து ரேடியோ. அடுத்து மழைக்கோட்டு. ஒருநாள் மீன் பிடிக்கக் காயலுக்குப் போனவன் இடுப்பில் யாருடைய கிழிந்த கைலியோடோ திரும்பி வந்தான். அவனுடைய புதுக் கைலி நன்றாக இருக்கிறதென்று ஒருவன் அங்கேயே கேட்டுவிட்டானாம்.

"நடுத்தண்ணியில கேட்டா நான் எங்கடி ஓடுறது?" என்றான்.

"முங்கியிருக்கலாம்ல?"

"முங்கினேன். அவனும் கூடவே முங்கிட்டான்."

இப்படி ஒருவன் வீட்டில் இருந்தால் இன்னொருத்தி கஞ்சப் பிசினாரியாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரை மிஞ்சாது. ஆகவே ஒளிந்துகொள்ளும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆளைக் கண்டால்தானே கேட்க முடியும்? வீட்டுக்குப் பின்னால் எங்கள் சேம்புக் குழி இருக்கிறது. ஆள் உயரத்துக்குத் தோண்டிய குழி, அடியில் சேறு, சேற்றில் யானைக் காது மாதிரி இலை விரித்த சேம்பு. கேட்கிற நடை பாதையில் தெரிந்ததும் நான் அதற்குள் இறங்கிவிடுவேன். என் தம்பி கப்பலில் வேலை பார்த்து அனுப்பிய தையல் மெஷின் இன்னும் என் வீட்டில் இருக்கிறதென்றால் அதற்கு அந்தக் குழிதான் காரணம்.

அந்த மெஷினைக் கேட்டுத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ரொரேட்டி வந்தாள். என் அம்மாவின் தங்கை மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பாதையும் ஒரு சீமைப்பலா மரமும்தான். பெரிய மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள், வெள்ளை கவுன் தைக்க வேண்டும், அதற்குத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் முழங்கால் சேற்றில் குத்த வைத்து உட்கார்ந்தேன். அவள் எங்கள் மேடைக் குடிலில் ஏறி உட்கார்ந்து, தலையை அவிழ்த்துச் சீவி, இரண்டு கோயில் பாட்டுப் பாடி, கொசுவெல்லாம் என்னைத் தின்று முடித்த பிறகு எழுந்து போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மேலே பார்க்காமல் விட்டதுதான் தப்பு. ரொரேட்டியின் புருஷன் கபுரே தென்னை மரத்தில் இருந்தான். காலையும் மாலையும் கள் இறக்க ஏறுகிற ஆண்கள் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பாடுவார்கள், கீழே இருக்கிற பாதி ஊருக்குக் கேட்கும். அன்றைக்குக் கபுரேயின் வாய்க்கு வந்தது இது:

"சேம்புக் குழியிலே புதுக்கிழங்கு,
ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு,
பிடுங்கப் போனா முறைக்குது,
பேரு சொன்னா ஓடுது."

ஊர் சிரித்தது. ரொரேட்டி மகளின் கவுனைக் கையாலேயே ஊசி போட்டுத் தைத்தாள், தையல் கொஞ்சம் கோணல். புதுநன்மை விருந்தில் எங்களுக்கு வரவேண்டிய பன்றிக்கறிப் பங்கைக் குறையாமல் அனுப்பி வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தக் கறியை நான் தொடவே இல்லை.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே ரொரேட்டியிடம் போய் நான் ஒன்று கேட்க வேண்டியதாயிற்று. கேட்க வேண்டியது அவள் வயிற்றில் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. தலைநகரிலிருந்து வந்த டாக்டர், இனி எதிர்பார்க்காதே அம்மா என்று சொல்லிவிட்டார். எங்களிடம் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. உறவில் ஒருத்தி உண்டாகியிருக்கும்போது போய் அந்தப் பிள்ளையைக் கேட்கலாம். அதுவும் புபுசிதான், எல்லாவற்றிலும் பெரிய புபுசி. தெபானோவே அப்படிக் கேட்டு வாங்கப்பட்ட பிள்ளை. அவனுக்கு இரண்டு அம்மா, ஒருத்தி வைத்த குழம்பைப் பற்றி இன்னொருத்தியிடம் குறை சொல்லியே வளர்ந்தவன். பிள்ளை யாரையும் இழப்பதில்லை, இன்னொரு அடுப்பு கிடைக்கிறது. ஆனால் வயிற்றில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பிறந்து, பெற்றவள் ஒருமுறை அதன் உச்சியை முகர்ந்துவிட்டால், அப்புறம் கேட்கிறவள் மனுஷியே இல்லை.

ரொரேட்டிக்கு இது ஆறாவது. ஏழு மாதம் ஆகியிருந்தபோது கூட்டுறவுக் கடை வாசலில் ஒரு பேச்சு கிளம்பியது. கபுரேயின் அக்கா தலைநகர் தராவாவிலிருந்து அடுத்த கப்பலில் வருகிறாளாம். ஒரு பெட்டி நிறைய பச்சைப்பிள்ளைத் துணி வாங்கியிருக்கிறாளாம். எதற்கு வருகிறாள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அன்றைக்கு என்னால் சோறு ஆக்க முடியவில்லை. தெபானோ வந்து அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"போய்க் கேளு," என்றான்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?"

"இருக்கிற மூஞ்சியத்தான். வேற ஒண்ணு வாங்கி வச்சிருக்கியா?"

"நீ போய்க் கேளேன்யா. ஊரே உன்னத்தான் நல்லவன்னு சொல்லுது."

"நான் குடுக்கிறதுல நல்லவன். பிள்ள கேக்கிறது பொம்பளைங்க காரியம், எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு தோவாகை," என்று மெதுவாகச் சொன்னான். பதினோரு வருடத்தில் அவன் தனக்கென்று ஆசைப்பட்டதைச் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் உலர்ந்த பறவைமீன் பத்தை ஓலையில் கட்டிக்கொண்டு பாதையைத் தாண்டினேன். ரொரேட்டி அடுப்படியில் இருந்தாள். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பெரிய பானைதான், வெளியே கரி பிடித்து உள்ளே பளபளவென்று இருக்கும் அலுமினியப் பானை. அதில் சீமைப்பலா வெந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள்.

"வாக்கா," என்றாள். "என்ன, தென்ன மரத்தையெல்லாம் எண்ணிக்கிட்டு வர்ற?"

எனக்குத் திக்கென்றது. நான் பார்த்ததே எனக்குத் தெரியாது.

"ஒண்ணுமில்ல. உன் கோழி நல்லா இருக்கா?"

"கோழியா? அதுக்கென்ன, நல்லா இருக்கு. உன் சேம்பு நல்லா வளருதா? ஒரு கிழங்கு ரொம்பப் பெருசாயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? காது மட்டும் சுட்டது.

பறவைமீனைக் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினோம். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"ரொரேட்டி, புபுசி."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பிச் சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்தாள், கேட்கப்படுகிறவள் அப்படித்தான் உட்கார வேண்டும். உட்காரும்போது அவள் கை தன் போக்கில் போய் வயிற்றின் மேல் படிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நான் கேட்டால் இவள் கொடுப்பாள். மனது வந்தாலும் கொடுப்பாள், வராவிட்டாலும் கொடுப்பாள். மாட்டேன் என்று சொல்ல முடியாத ஒருத்தியிடம் கேட்பதற்குப் பெயர் கேட்பதா, பறிப்பதா? ஒரு மெஷினைக் கொடுக்க மனமில்லாமல் சேற்றில் உட்கார்ந்தவள் நான். இவள் எங்கே போய் ஒளிவாள், இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு?

கேட்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. ஆனால் புபுசி என்று சொல்லியாயிற்று. சொல்லிவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து போனால், உன்னிடம் கேட்கும்படி ஒன்றுமே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி. ஐந்து பிள்ளைகளும் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"அந்தப் பானை," என்றேன்.

"எது?"

"அதான், அந்தப் பானை."

"அடுப்புல இருக்கிறதா?"

"ஆமா."

ரொரேட்டி பானையைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அதற்குள் என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. "புகை," என்றேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது, புகை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் வெந்தும் வேகாத சீமைப்பலாவை இலையில் கொட்டினாள். பானையை மணல் போட்டுத் தேய்த்து, கழுவி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சூடு இருக்கும்க்கா, பாத்துப் பிடி."

பானையைத் தூக்கிக்கொண்டு பாதையைத் தாண்டும்போது மேலே பாட்டு நின்றது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்துக் கபுரே சோகராகத்தில் ஆரம்பித்தான்:

"பானை நடந்து போகுதே,
என் வயிறும் பின்னால் போகுதே..."

வீட்டில் தெபானோ வாசலிலேயே நின்றான். என் முகத்தைப் பார்த்தான், பானையைப் பார்த்தான். கிட்டே வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"பிள்ள எங்கடி?"

நான் பானையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து அழுதேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளை கேட்கப் போய்ப் பானை கேட்டு வந்தவள் என்று எனக்குப் பெயர். கோயில் வாசலில் ஒருத்தி, "தோவாகை, எங்க வீட்டுல ஒரு கரண்டி சும்மாதான் கிடக்கு, வந்து கேளேன்," என்றாள். பாதிரியார்கூட பூசை முடிந்து என்னைப் பார்த்து அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார், சித்தப்பா அல்லவா.

சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில், கபுரேயின் வயதான அப்பாவையும் சேர்த்துச் சொல்கிறேன், ரொரேட்டி சின்னச் சட்டியில் மூன்று தடவை சோறு வடித்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏழு மாத வயிற்றோடு மூன்று தடவை குனிந்து ஊதி, மூன்று தடவை இறக்கி. பாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பானையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்பீர்கள். கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது, இல்லை என்று சொல்வதைவிடக் கேவலம். கொடுத்தவள் வந்து கேட்டால்தான் போகும்.

ஒரு தந்திரம் செய்தேன். பானை நிறையத் தேங்காய்ப்பாலில் மீனும் சேம்பும் போட்டுக் காய்ச்சி, தெபானோ தலையில் ஏற்றி அனுப்பினேன். "வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு," என்றேன். அவனும் வந்துவிட்டான். அரைமணி நேரத்தில் ரொரேட்டியின் பெரிய மகள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், தேய்த்துக் கழுவி, உள்ளே ஒரு போத்தல் தென்னம்பாகும் வைத்து.

"பெரியம்மா, பெரியப்பா பானைய மறந்துட்டு வந்துட்டாராம். அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"உங்கம்மா வேற ஒண்ணும் சொல்லலையா?"

"மீனுல உப்புக் கம்மின்னாங்க."

அப்புறம் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். குழிப்பக்கமே போகவில்லை. தினமும் பானையைப் பளபளவென்று தேய்த்து மேடைக் குடிலின் ஓரத்தில், பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கூரைக்குத் தாழை மடல் தைத்தேன். வா, வந்து கேள், புபுசி என்று ஒரு வார்த்தை சொல், மெஷினையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்கு யார் யாரோ கேட்க வந்தார்கள், நானும் அகப்பட்டுக்கொண்டேன், இரண்டு பாயும் ஒரு விளக்கும் போயின. ரொரேட்டி மட்டும் வரவில்லை. பாதையில் போகும்போது கையசைப்பாள், சிரிப்பாள், போய்விடுவாள்.

பிள்ளையைப் பற்றிய நினைப்பை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை எழுந்து பாதை வரை போனேன். வயிற்றின் மேல் இருந்த அந்தக் கை ஞாபகத்துக்கு வரும், திரும்பிவிடுவேன். கபுரேயின் அக்காவுக்கு அந்தக் கை தெரியாது. தெரிந்தாலும் அவள் கேட்பாள், கேட்க அவளுக்கு உரிமை உண்டு, அவள் யாரிடமும் ஒளிந்தவள் அல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கப்பல் வந்தது. பவளத்திட்டுக்கு வெளியே நின்று ஊதியது. ஊரே கரைக்கு ஓடியது. அரிசி, மாவு, சர்க்கரை, உறவுக்காரர் எல்லாம் படகில் இறங்கிக் காயலைத் தாண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகும். தெபானோவும் மூட்டை இறக்கப் போய்விட்டான். போகும்போது, "நீயும் வாயேன்," என்றான். நான் வரவில்லை என்றேன். அந்தப் பெட்டி கரையில் இறங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மடலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தேன், ஒரு மடல்கூட ஒழுங்காகத் தைக்கவில்லை.

அப்போது ரொரேட்டி வந்தாள். மரத்தைப் பார்க்கவில்லை, காயலைப் பார்க்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நேரே வந்தாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"என்னடி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கையக் குடு, ஏறணும்."

கை கொடுத்து ஏற்றிவிட்டேன். மூச்சு வாங்க உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, புபுசி," என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பானையைத் தூக்கி அவள் மடியருகில் தள்ளினேன். "எடுத்துக்கோடி, எடுத்துக்கோ. எத்தன நாளாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? நான் தூக்கிட்டு வர்றேன், நீ தூக்காத."

"பானைய விடு. நான் அதுக்கு வரல."

"மெஷினா? அதையும் எடுத்துக்கோ. எண்ணெய்கூடப் போட்டு வச்சிருக்கேன்."

"அய்யோ, வாய மூடேன்க்கா. கேக்க வந்தவளக் கேக்க விட மாட்டியா நீ?"

வாயை மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்தேன். கேட்கப்படுகிறவளாக அப்படி ஒழுங்காக உட்கார்ந்தது எனக்குப் புதிது.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு அம்மா வேணும்," என்றாள் ரொரேட்டி. "உன்னக் கேக்கிறேன்."

எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அண்ணி கப்பல்ல வர்றாங்க," என்று அவளே பேசினாள். "நல்லவங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டாங்கன்னா நான் இல்லன்னு சொல்ல முடியுமா? குடுத்துட்டு, கப்பல் மறையுற வரைக்கும் கரையில நிக்கணும். உங்கிட்டன்னா பாதைக்கு இந்தப் பக்கம். நீ சோறு ஊட்டலன்னா அங்கேர்ந்தே கத்துவேன். முன்னாலயே பேசி முடிச்சாச்சுன்னு சொன்னா அவங்களும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"அவங்க வாங்கிட்டு வர்ற துணியெல்லாம்?" எனக்கு வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான், என்னத்தைச் சொல்ல.

"அத நீ புபுசி கேட்டு வாங்கிக்கோ. பழகினதுதானே, பானையெல்லாம் கேட்டவ நீ."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? ஊர் சொல்லியா?"

"ஊர் சொல்றதுக்கு முன்னாலயே தெரியும். பானை கேக்கிறவ எவளாவது அழுவாளா? அன்னைக்கு ராத்திரியே கபுரேகிட்ட சொன்னேன், அக்கா எதையோ கேக்க வந்து கேக்காமப் போறான்னு. நீ வந்து கேப்ப, கேப்பன்னு மூணு வாரம் பாத்தோம். நீ என்னடான்னா பானையத் தேச்சுத் தேச்சு ஓட்டையாக்கிட்டிருக்க."

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன். குடுக்காம என்ன?"

"அப்புறம் நீ எதுக்குடி வந்து கேக்கிற? கேக்க வேண்டியவ நான்தானே?"

ரொரேட்டி காயல் பக்கம் திரும்பினாள். காயலில் படகுகள் கிளம்பிவிட்டன. மூட்டைகளுக்கு நடுவே குடை பிடித்தவர்கள் தெரிந்தார்கள்.

"நாளைக்கு இது பெருசாகும்," என்றாள். "என்ன ஏம்மா அந்த வீட்டுக்குக் குடுத்தேன்னு எங்கிட்ட வந்து கேக்கும். எல்லாப் பிள்ளையும் ஒருநாள் கேக்கும், உன் புருஷனும் கேட்டிருப்பான், கேட்டுப் பாரு. நீ வந்து வாங்கியிருந்தா நான் என்ன சொல்றது? பெரியம்மா கேட்டா, இல்லன்னு சொல்ல முடியலன்னு சொல்லணும். இப்ப அப்படி இல்ல. உனக்காக நானே நடந்து போயி, தேடி, ஒரு அம்மாவக் கேட்டு வாங்குனேன்டான்னு சொல்லுவேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக நான் எதைக் காப்பாற்ற ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மெஷின், ஒரு விளக்கு. என்னிடம் கேட்டு வாங்கும்படி இப்படி ஒன்று இருக்கிறதென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"என்னக்கா, கேட்டுட்டு உக்காந்திருக்கேன்," என்றாள். "கால் மரத்துப் போச்சு. படகு வேற கரைக்கு வந்திரும்."

"தர்றேன்," என்றேன். குரல் சரியாக எழும்பவில்லை. அவளுக்குக் கேட்டிருக்காதோ என்று பயந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.

"தர்றேன்."